முழங்கால் யன்னல்கள்

கோயிலில் சனம் இருக்கிற நீள மர வாங்குகளைக் கழற்றவைத்தது விக்ரோறியாதான். அதை அவள் ஒருநாளும் மறைக்கவில்லை. மடு மாதா திருவிழாவுக்கு ஆக்லாந்திலிருக்கிற மன்னார்ச் சனம் வந்தால் பாய் விரித்துத் தரையில்தான் இருக்கும். அதற்கு வாங்குகள் இடைஞ்சல். அவள் சொல்ல, கணவன் றொய்ஸ்டன் ஸ்பானரோடு வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பக்கத்து ஹோலில் அடுக்கினான். யாரையும் கேட்கவில்லை. கோயிலில் பாய் விரிக்கக்கூடவா அனுமதி கேட்பார்கள்?

திருவிழா முடிந்தும் வாங்குகள் திரும்பி வரவில்லை. பங்குச் சபைத் தலைவர் டொனோவனுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனைக்கும் அவருடைய வெள்ளைக்காரச் சனத்தின் காலைப் பூசை அந்த வருடம், தொண்ணூற்றெட்டில், வெஸ்ட்கேட் பக்கத்துப் புதுக்கோயிலுக்கு மாறிவிட்டது. ரானுயியின் இந்தப் பழைய மரக்கோயில் தமிழ்ப் பூசைக்கு மட்டும்தான் திறந்தது. ஆனாலும் மனுசன் விடவில்லை. கட்டடக்கலைஞர் வரைந்தபடி வாங்குகள் இருக்க வேண்டும், இல்லையென்றால் சாவியைத் தந்துவிட வேண்டும் என்றார். வேண்டுமானால் அந்தக் கட்டடக்கலைஞரையே கூட்டிவந்து சொல்லவைக்கிறேன் என்றும் சவால்விட்டார்.

"ஏனப்பா வீண் சண்டை? நான் திரும்பப் பூட்டிவிடுறன்," என்றான் றொய்ஸ்டன்.

"ஒரு ஆணியைத் தொட்டுப் பாருங்கோ, பிறகு தெரியும்."

"சாவியை வாங்கிப்போட்டா எங்க பூசை வைக்கிறது?"

"வெளியில, புல்லுல. பாய் இருக்குத்தானே."

சொன்னாளே தவிர, அவளுக்கும் சாவியை விட மனமில்லை. ஆக்லாந்தில் அவர்களுக்கென்று இருந்தது அந்த ஒரு கோயில்தான்.

சனிக்கிழமை பின்னேரம் டொனோவன் சொன்னபடி கட்டடக்கலைஞரைக் கூட்டிவந்தார். ஆர்தர் ஹால்ஸ்டெட் என்ற ஆங்கிலேயர், ஊன்றுகோல் பிடித்த கிழவர். போரில் குண்டு விழுந்த இங்கிலாந்து ஊர்களில் கோயில் கோயிலாகக் கட்டியவர். இங்கே வந்து கட்டியது இந்த ஒன்றுதான். யன்னல்களை முழங்கால் உயரத்தில் வைத்தாரென்று ஊரே நக்கலடித்தது. அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் கார் கராஜும் பள்ளிக்கூடக் கழிவறையும்தான்.

பெண்கள் பாயில் இருந்தபடி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னால் றொய்ஸ்டனும் இருந்தான். விக்ரோறியா எழுந்துபோய் வாசலை மறித்தாள்.

"கட்டியது நீங்கள்தான். ஆனால் கும்பிடுவது நாங்கள். வாங்கு போடமாட்டோம்," என்றாள் ஆங்கிலத்தில். அவள் விலகவில்லை.

கிழவர் அவளைப் பார்க்கவேயில்லை. குளிர்காலத்துத் தாழ்ந்த வெயில் அந்த யன்னல்கள் வழியே வந்து, பாயிலிருந்தவர்களின் முகங்களில் விழுந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வாங்கு வரையவேயில்லை," என்றார் கடைசியில். "எங்கள் ஊர்ப் பழைய கோயில்களிலும் முதலில் வாங்கு கிடையாது. தரையில் இருப்பவனுக்குத்தான் இந்த யன்னல். திறப்பு விழாவுக்கு முதல் நாள் சபைக்காரர் வாங்கு போட்டு யன்னலை மறைத்துவிட்டார்கள். கழற்றச் சொல்லிக் கத்தினேன். என்னைத்தான் வெளியே போட்டார்கள்."

"அது எனக்கு முந்திய பழைய கதை, ஆர்தர்," டொனோவன் அவசரமாக ஒரு கதிரையை இழுத்துவந்தார். "முதலில் இதில் இருங்கள்."

கிழவர் கதிரையை ஊன்றுகோலால் தள்ளிவிட்டார். சப்பாத்தை மல்லுக்கட்டிக் கழற்றினார். விக்ரோறியாவிடம் கையை நீட்டினார். அவள் தாங்கிப் பிடிக்க, முனகிக்கொண்டே பாயில் இருந்தார். வெயில் அவர் முகத்திலும் விழுந்தது. தான் கட்டிய கோயிலை அன்றுதான் அவர் முதன்முதலாகப் பார்க்கிறார் என்று விக்ரோறியாவுக்குப் புரிந்தது.

"வாங்குகளை வைக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் என்னைத் தூக்கி வெளியே போடு," என்றார் அவர் டொனோவனிடம். "இந்தமுறை நான் கொஞ்சம் பாரம்."

பெண்கள் செபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். முன்னைவிடச் சத்தமாகவே சொன்னார்கள். நின்றுகொண்டிருந்த டொனோவனின் கண்ணுக்கு நேரே வெறும் சுவர்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் வெளியே போனார். சாவியைக் கேட்கவில்லை.

றொய்ஸ்டன் எழும்பி அந்தக் கதிரையையும் தூக்கிக்கொண்டுபோய், ஹோலில் வாங்குகளோடு அடுக்கினான்.