துணிக்கொடி மசோதா

லூசில் திபோவுக்குக் கோவம் வந்தா பீன்ஸ் வேக வெப்பா. அன்னிக்கு அவ வீட்டுக்குள்ள போறேன், அடுப்புல ரெண்டு பானை, ஓவன்ல ஒண்ணு. சரிதான், பெருசா ஏதோ நடந்திருக்குன்னு தெரிஞ்சுபோச்சு.

"கழட்டிட்டாங்க"ன்னா.

"எத?"

"கொடியத்தான். அந்த ஹார்ட்வெல் ஆள அனுப்பி கழட்டிட்டான். கயித்த அழகா சுருட்டி, க்ளிப்பையெல்லாம் ஒரு கவர்ல போட்டு வாசல்ல வெச்சிருக்கான். மரியாதையாம்!"

எங்க பிர்ச் ஹாலோவுல எல்லா வீடும் ஒரே சாம்பல் கலரு. இருக்கறவங்க தலையும் கிட்டத்தட்ட அதே கலருதான், எல்லாம் வேலைய விட்டுட்டு வந்த கிழங்க. வீடு நம்மளது, வெளிய இருக்கற புல்லு குடியிருப்புச் சங்கத்தோடது. அந்தச் சங்கத்துக்கு ஒரு விதிப் புஸ்தகம். கதவுக்கு என்ன பெயிண்ட்டு, குருவிக்குத் தீனி வெக்கற கூண்ட எங்க மாட்டலாம், கிறிஸ்துமஸ் விளக்க எப்ப எறக்கணும், எல்லாம் அதுல இருக்கும். துணி வெளிய காயக் கூடாதுன்னும் இருந்துச்சு. வின்ஸ்லோ ஹார்ட்வெல்தான் சங்கத்தோட புதுத் தலைவரு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். பனி கொட்டினா கேக்காமலே என் படியையும் சேத்து வாரி விடுவாரு. ஆனா விதின்னு வந்துட்டா அவரு அம்மாவையே தெரியாது அவருக்கு.

சரி, ஒரு கயிறு போனதுக்கு எதுக்கு மூணு பானை பீன்ஸுன்னு கேப்பீங்க. லூசிலோட வீட்டுக்காரரு அர்மாண்டுக்கு ஆறு வருஷமா கண்ணு சுத்தமா தெரியாது. காகித ஆலையில ஓடியாடி வேல பாத்த மனுஷன். நாள் பூரா நாற்காலியில உக்காருன்னா உக்காருவாரா? லூசில்தான் யோசிச்சு, பின்வாசல் கதவுலேருந்து மேப்பிள் மரம் வரைக்கும் ஒரு கயித்தக் கட்டினா. இடது கை கயித்து மேல, வலது கையில ஈரத்துணி. அப்படியே தடவிக்கிட்டே போவாரு, காயப்போடுவாரு, திரும்பி வருவாரு. யாரும் கையப் பிடிக்க வேணாம். பனிக்காலத்துலயும் விட மாட்டாரு. பேண்ட்டெல்லாம் வெறைச்சுப் போய் ஆள் கணக்கா நிக்கும். அத அப்படியே தூக்கிட்டு உள்ள வந்து, "லூசில், விருந்தாளி வந்திருக்கார், காபி போடு"ம்பாரு.

கொடி போனதும் மனுஷன் ஜன்னலோரம் ரேடியோவக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு. தாடிகூட மழிக்கல.

"ஹார்ட்வெல்கிட்ட விஷயத்தச் சொல்லேன் லூசில். கண்ணு தெரியாதவரு வழிக்குன்னு கட்டினதுன்னு சொன்னா விட்டுடப் போறாரு"ன்னேன்.

அவ என்ன அடுப்புப் பக்கமா இழுத்துட்டுப் போயி குசுகுசுன்னா. "சொல்லக் கூடாதாம். குருடனுக்காகன்னு எவன்கிட்டயாவது போய் நின்னே, நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேங்கறாரு."

ரேடியோ பக்கத்துலேருந்து கொரலு வந்துச்சு. "எனக்குக் கண்ணுதான் போச்சு. காது நல்லாவே இருக்கு."

அதுக்கப்புறம்தான் பெவர்லி குவிம்பி ஞாபகம் வந்துச்சு. பெவர்லி ஸ்கூல் பஸ் ஓட்டறா, முட்ட விக்கறா, மிச்ச நேரத்துல எங்க தொகுதிக்கு எம்.எல்.ஏ. எங்க நியூ ஹாம்ப்ஷயர்ல அப்படித்தான். நானூறு பேரு இருக்காங்க சபையில, சம்பளம்னு பேருக்கு ஏதோ குடுப்பாங்க. எந்தக் கடையில நின்னாலும் பின்னாடி ஒரு எம்.எல்.ஏ. நிப்பாரு. முட்ட வாங்கப் போன எடத்துல லூசில் கேட்டா.

"பெவ், துணி காயப்போட ஒரு சட்டம் போட முடியுமா?"

பெவர்லி முட்டைய டப்பாவுல அடுக்கிக்கிட்டே, "போடலாமே. பெரிய முட்டையா, சின்னதா?"ன்னா.

அவ்வளவுதான் பேச்சு. மசோதாவும் அர பக்கம்தான். யாரு தன் வீட்டுக்குப் பின்னாடி துணி காயப்போட்டாலும் எந்தச் சங்கமும் தடுக்கக் கூடாது. எங்க ஊர்ல எந்த மசோதாவா இருந்தாலும் முதல்ல ஒரு குழு முன்னாடி வரும். யாரு வேணாலும் போயி ஆதரிச்சோ எதுத்தோ பேசலாம். ஆளுக்கு ரெண்டு நிமிஷம்.

லூசில் உடனே பேச்சு எழுத ஆரம்பிச்சுட்டா. அர்மாண்டப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது, எல்லாம் கரண்ட்டு. துணி காய வெக்கற மெஷினு எவ்வளவு கரண்ட்ட முழுங்குது, பூமி எப்படி சூடாகுதுன்னு. முட்ட வேகற நேரம் பாக்கற மணிய ரெண்டு நிமிஷத்துக்குத் திருகி வெச்சுட்டு வீட்டுலயே பேசிப் பேசிப் பாப்பா. மணி அடிக்கும்.

"முடிஞ்சுது. நீ இன்னும் வணக்கமே சொல்லி முடிக்கல"ம்பாரு அர்மாண்டு.

"நீ வாய மூடு. உனக்காகத்தான் தொண்ட கிழியுது."

"எனக்காகன்னா கொஞ்சம் மெதுவாப் பேசு."

பிப்ரவரியில ஒரு வியாழக்கிழமை வரச் சொன்னாங்க. வானம் அடுப்புச் சாம்பல் மாதிரி இருந்துச்சு. என் கார்ல லூசிலும் அர்மாண்டும், பின்னாடியே சர்ச் வேன்ல எங்க தெருப் பொம்பளைங்க ஒரு டஜன் பேரு, மடியில மேப்பிள் டோனட்டு டப்பா. தலைநகரு கான்கார்ட் போய்ச் சேர்றவரைக்கும் அர்மாண்டு முன்சீட்டுல உக்காந்து, "இப்ப எது வந்துச்சு? ஆத்துப் பாலமா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. எல்லாம் சரியாச் சொன்னாரு.

குழு அறை வாசல்ல ஒரு மேஜை. மேல ரோஸ் கலர்ல அட்டை. பேரு, ஊரு, மசோதா நம்பரு எழுதி, ஆதரவா எதிர்ப்பான்னு டிக் போட்டுக் குடுக்கணும். லூசில் முதல்ல எழுதி முடிச்சா. அப்புறம் திரும்பி எங்களப் பாத்து, சர்ச்சுல பாட்டு ஆரம்பிக்கற கொரல்ல, "எல்லாரும் எதிர்ப்புல போடுங்க! எதுக்கத்தானே வந்திருக்கோம்!"ன்னா. வரிசையா அத்தன பேரும் எதிர்ப்புல போட்டோம். அர்மாண்டோட அட்டையையும் அவளே போட்டா.

உள்ள போயி பெஞ்சுல உக்காந்தோம். குழுத் தலைவரு ஒரு காலத்துல பால் பண்ணை வெச்சிருந்த பெரியவரு, கையி ரெண்டும் மம்மட்டி மாதிரி. அட்டைய ஒண்ணொண்ணாப் புரட்டினாரு. மூக்குக் கண்ணாடியத் தூக்கிட்டு பெவர்லியப் பாத்தாரு.

"பெவர்லி, உன் மசோதாவுக்கு ஆதரவு நீ ஒருத்திதான். எதிர்ப்பு ஒரு கட்டு இருக்கு. உங்க ஊர்ல உன்ன யாருக்குமே பிடிக்காதா?"

பெவர்லி மெதுவாத் திரும்பி எங்களப் பாத்தா பாருங்க, அந்தப் பார்வை! அந்தப் பக்கம் பெஞ்சுல ஹார்ட்வெல். கோட்டு, டையி, மடியில விதிப் புஸ்தகம். ஊரே தன் பக்கம் நிக்குதுன்னு நெனச்சு, எங்களப் பாத்து நெஞ்சுல கைய வெச்சாரு. நெகிழ்ந்து போயிட்டாரு பாவம்.

"எதிர்த்துப் பேச, திருமதி லூசில் திபோ."

லூசில் எழுந்து போயி காகிதத்தப் பிரிச்சா. கரண்ட்டு, மெஷினு, பூமி. தலைவரு கொஞ்ச நேரம் கேட்டுட்டு கையத் தூக்கினாரு.

"அம்மா, ஒரு நிமிஷம். நீங்க துணிக்கொடி வேணுங்கறீங்களா, வேணாங்கறீங்களா?"

"வேணும்! வேணாங்கறவங்களத்தான் எதுக்கறேன்!"

"வேணும்னா மசோதாவ ஆதரிக்கணும்மா. சங்கத்தோட விதியைத் தூக்கறதுக்குத்தானே மசோதாவே."

லூசில் காகிதத்த எறக்கினா. "அப்ப நான் இப்ப எங்க இருக்கேன்?"

"மிஸ்டர் ஹார்ட்வெல் பக்கத்துல."

பெஞ்செல்லாம் சிரிப்பு. ஹார்ட்வெல் நெஞ்சுலேருந்து கைய எடுத்துட்டாரு. எங்க டஜன் பேரும் எழுந்து குமாஸ்தா மேஜைக்கு ஓடி, அட்டைய மாத்தி எழுத ஆரம்பிச்சோம். ஒருத்திக்குக் கண்ணாடி காணோம், ஒருத்தி தன்னோடதுன்னு அடுத்தவ அட்டைய அடிச்சுட்டா. ஜன்னலுக்கு வெளிய பனி தடிசா விழ ஆரம்பிச்சிருச்சு. லூசிலோட ரெண்டு நிமிஷமும் போயிருச்சு.

தலைவரு கடிகாரத்தப் பாத்தாரு. "இன்னும் நெறைய மசோதா இருக்கு, ரோடும் மூடப் போகுது. எதிர்ப்புல மிஸ்டர் ஹார்ட்வெல், ஆதரவுல இன்னும் ஒரே ஒருத்தர். மிச்சப் பேரு பேர மட்டும் பதிஞ்சுட்டுப் போங்க."

ஹார்ட்வெல் சுருக்கமாத்தான் பேசினாரு. "நாங்க எல்லாருமே படிச்சுப் பாத்து, கையெழுத்துப் போட்டுத்தான் குடி வந்தோம். எடம் பாக்க ஒழுங்கா இருக்கணும்னு எங்களுக்குள்ள ஒப்பந்தம். அதுக்குள்ள அரசாங்கம் எதுக்குங்க வரணும்?"

எங்க மாநிலத்துல இந்தக் கேள்வியக் கேட்டா பாதி பேரு ஆமான்னு தலைய ஆட்டிடுவாங்க. குழுவுல ஆட்டவும் ஆட்டினாங்க. பெவர்லி பேனா மூடிய மூடிட்டா. இது போச்சுன்னா அந்த மனுஷனுக்கு ஜன்னலோரம்தான், ரேடியோதான்.

எங்கள்ல யாரு பேசறதுன்னு மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டோம். அப்ப அர்மாண்டு எழுந்துட்டாரு.

"என்ன பேசப் போற?"ன்னு லூசில் கோட்டப் பிடிச்சு இழுத்தா.

"கரண்ட்டப் பத்தி இல்ல."

பெஞ்சு முதுகத் தடவிக்கிட்டே போனாரு. மேஜை தட்டுப்பட்டதும் நின்னாரு.

"தலைவரே, என் அட்டையில என் பொண்டாட்டி எதுல டிக் போட்டான்னு எனக்குத் தெரியாது. நான் கயிறு பக்கம்."

சிரிச்சாங்க.

"வின்ஸ்லோ நல்ல மனுஷன். துணி தொங்கினா பாக்க நல்லாயில்லங்கறாரு. அதுல நான் அவருகூட சண்ட போட முடியாது. நான் அத ஒரு நாளும் பாத்ததில்ல."

திரும்பவும் சிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொருத்தராப் புரிஞ்சு, சிரிப்பு அப்படியே அடங்கிப் போச்சு.

"கயிறு இருந்தா கதவுலேருந்து மரம் வரைக்கும் நானே போயிட்டு வருவேன். துணியெல்லாம் ஒரு சாக்குதான். கயிறு இல்லேன்னா யாராவது கூட்டிட்டுப் போகணும். கூட்டிட்டுப் போக எனக்கு ஆள் இல்லாம இல்ல, அந்தா கோவமா உக்காந்திருக்கா. எனக்குத்தான் வேணாம்."

குழுவுல ஒரு சின்ன வயசுப் பொண்ணு, இரக்கமான மொகம். "சார், பார்வை இல்லாதவங்களுக்கு மட்டும் கொடி கட்டலாம்னு திருத்தம் கொண்டுவந்தா உங்களுக்குப் போதுமா?"ன்னு கேட்டா.

நான் மனசுக்குள்ள, போதும்னு சொல்லுய்யா, சொல்லித் தொலையேன்னு வேண்டிக்கிட்டேன். கையில கெடைக்கறத வாங்கிட்டு வீட்டுக்குப் போலாமில்ல?

"வேணாம்மா"ன்னாரு. "அப்ப பிர்ச் ஹாலோவுலயே என் கொடி ஒண்ணுதான் தொங்கும். வர்றவன் போறவனெல்லாம் அதப் பாத்து, ஐயோ பாவம்பான். எல்லாரு ஜட்டியும் தொங்கட்டும். அதுக்கு நடுவுல என் ஜட்டியும் தொங்கட்டும். அப்ப யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

குழுவுல ஓரமா ஒரு மொரட்டு ஆளு, அதுவரைக்கும் வாயே தொறக்கல. "நம்ம வண்டி நம்பர் பிளேட்டுல, சுதந்திரமா வாழு இல்லேன்னா செத்துப் போன்னு எழுதி வெச்சிருக்கோம். அதுக்குக் கீழ ஜட்டி மட்டும் காயப்போடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கோமா?"ன்னாரு. தலைவரு மேஜையத் தட்டினாரு, ஆனா அவரும்தான் சிரிச்சாரு.

ஆதரிக்கறவங்க கையத் தூக்குங்கன்னு அங்கேயே சொன்னாங்க. மூணே பேருதான் தூக்கல.

வெளிய வராந்தாவுல ஹார்ட்வெல் வந்து நின்னாரு. தொப்பி கையில.

"அர்மாண்ட், இதுக்குத்தான் அந்தக் கயிறுன்னு எனக்குத் தெரியாதுய்யா. எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ சரின்னிருப்ப."

"கண்டிப்பா."

"அதான் சொல்லல."

ஹார்ட்வெல் எங்க டப்பாவுலேருந்து ஒரு டோனட்ட எடுத்துக்கிட்டு, ரோடு வழுக்கும் பாத்து ஓட்டுங்கன்னுட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் எல்லாம் மெதுவாத்தான். பெரிய சபையில சத்தமில்லாம ஒரு கட்டு மசோதாவோட சேந்து பாஸாயிருச்சு. மேல்சபையில ஒருத்தரு, பின்பக்கம்னா எது பின்பக்கம்னு ஒரு வாரம் இழுத்தாரு. கவர்னர் கையெழுத்து ஜூன்ல. அமலுக்கு வந்தது ஆகஸ்ட்டுல. நடுவுல ஹார்ட்வெல் வந்து, எப்படியும் சட்டம் வரப்போகுது, இப்பவே கட்டிக்கோயேன்னாரு. "விதின்னா விதிய்யா"ன்னு அர்மாண்டு மாட்டேன்னுட்டாரு. லூசில் ரெண்டு பேரையும் சேத்துத் திட்டினா. ஆனா மனுஷன் ஏப்ரல்லயே தாடிய மழிச்சுட்டாரு, அத நான் கவனிச்சேன்.

ஆகஸ்ட்டுல சட்டம் வந்த அன்னிக்கு ஹார்ட்வெலே ஏணியோட வந்துட்டாரு. மரத்துல முடிச்சுப் போட்டது அர்மாண்டு. ஹார்ட்வெல் போட்ட முடிச்ச அவுத்துட்டு திரும்பப் போட்டாரு. லூசில் கூடை நெறைய துணி கொண்டாந்தா. சமையக்கட்டு ஜன்னல்ல நானும் அவளும் நின்னோம்.

"சட்டைய காலர்ல மாட்டாதே! தோள்ல மாட்டு!"ன்னு கத்தினா.

அவரு காது கேக்காத மாதிரி காலர்லயே மாட்டிட்டுப் போனாரு. இடது கை கயித்து மேல, தலை நிமிந்து. பக்கத்து வீட்டுல ஏற்கெனவே போர்வை தொங்குது, அதுக்கடுத்த வீட்டுல யாரோடதோ பூப்போட்ட நைட்டி. காத்துல எல்லாம் ஒரே ஆட்டம். யாரும் அவரத் திரும்பிப் பாக்கல.

கூடை காலியாச்சு. கதவு வரைக்கும் வந்து கூடைய வெச்சாரு. உள்ள வருவாருன்னு லூசில் காபிய ஊத்தினா.

அவரு வெறும் கையோட திரும்பவும் மரத்துக்குக் கெளம்பிட்டாரு.