சத்தம் போடும் வண்டியும் போடாத வண்டியும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் ஊறி வந்ததல்ல. என் மச்சான் நெடில்கோ ஒரு கார் வாங்க வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

நெடில்கோ என் மனைவி ஸோர்காவின் பெரியப்பா மகன். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் முப்பது வருடமாகக் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். நானும் ஸோர்காவும் இருப்பது அங்கிருந்து வெகு தெற்கே, இமோட்ஸ்கி என்ற சிறு நகரத்துக்கு மேலே மலைச்சரிவில், அவருடைய சொந்த ஊரில். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாதா திருநாளுக்கு முன்னால் அவர் வந்து இறங்குவார், ஒவ்வொரு முறையும் வேறு வண்டியில். எங்கள் ஊரில் ஆகஸ்டு மாதம் வந்து இறங்குகிறவரிடம் யாரும் சௌக்கியம் விசாரிப்பதில்லை. எத்தனை குதிரைசக்தி என்றுதான் கேட்பார்கள்.

திங்கட்கிழமை போன் வந்தது.

"மாப்ள, ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். ரெண்டு மேலயும் ஆசையா இருக்கு. புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள எதுன்னு சொல்லலன்னா விக்கறவன் ரெண்டையும் வேற எவனுக்காவது தள்ளிருவானாம்."

"என்னென்ன வண்டி மச்சான்?"

"ஒண்ணு ஹைப்ரிட். ரெண்டே சீட்டு, கதவு மேல தூக்கித் தொறக்கும், ஏரோப்ளேன் மாதிரி இருக்கும். இன்னொண்ணு பெட்ரோல் செடான். நாலு கதவு, எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணா பக்கத்து வீட்டு அலமாரியில பீங்கான் ஆடும்."

"என்னப் போய்க் கேக்கறீங்களே? எனக்கு சைக்கிளே தடுமாறும்."

"நீ கதை எழுதுறவன்தானடா. ரெண்டுலயும் நான் ஊருக்குள்ள வர்ற மாதிரி எழுதிப் படிச்சுக் காட்டு. எது நல்லா இருக்கோ அத வாங்கிக்கறேன்."

இருபது வருடமாக எழுதுகிறேன். என் எழுத்தை நம்பி ஒரு மனிதர் ஒரு குடைகூட வாங்கியதில்லை. ஒப்புக்கொண்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

*மலைப்பாதையின் வெயிலைக் கிழித்துக்கொண்டு அந்த வண்டி*

[வெயில் என்ன வேட்டியா, கிழிக்க? அடித்தாயிற்று.]

இரண்டாவது தொடக்கம்:

*ஆறடி உயரமும் அகன்ற தோளும் கொண்ட நெடில்கோ, ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால்*

[ஆறடி அவர் கேட்டு வாங்கியது. உண்மையில் ஐந்தடி நான்கு. "கதைதானே மாப்ள, எட்டு அங்குலம் போட்டா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். ஆறடி ஆள் அந்த ஹைப்ரிட்டுக்குள் நுழைய வேண்டுமானால் மடித்து வைக்க வேண்டும் என்று சொன்னேன். உயரத்தை அவரே குறைத்துக்கொண்டார்.]

வண்டிகளின் பெயரை நான் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். சொன்னால் இமோட்ஸ்கிக்காரர்களில் பாதிப் பேர் கதையை இங்கேயே மூடிவிடுவார்கள், மீதிப் பேர் என்னை அடிக்க வருவார்கள். தமிழில் எழுதுவதால் அவர்களால் படிக்க முடியாது, அது ஒரு நிம்மதி. ஆனால் இங்கே நிம்மதிக்கு எப்போதும் ஒரு ஓட்டை உண்டு. எழுதுவதை எல்லாம் அன்றன்றே நெடில்கோவுக்குப் போனில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

3

இரண்டு தொடக்கமும் உதவாமல் போனதற்குக் காரணம், நான் வண்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்ததுதான். விஷயம் வண்டி இல்லை, ஸ்டிபான்.

ஸ்டிபான் நெடில்கோவின் அண்ணன். ஊரில் எங்களுக்கு அடுத்த வீடு. அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. தம்பி ஜெர்மனியில் இருந்தபோது, செத்துப்போன அப்பாவின் பழைய டீசல் காரை அண்ணன் தோட்டத்தில் கோழிக்கூண்டாக மாற்றிவிட்டார். பின்சீட்டில் பதினான்கு கோழிகள். அந்த ஆகஸ்டில் வந்த தம்பி அதைப் பார்த்தார். அதோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றது. ஒவ்வொரு வருடமும் நெடில்கோ ஊருக்குள் நுழையும்போது மதுக்கடை வளைவில் இரண்டாவது கியருக்கு இறங்கி, மூன்று முறை உறுமவிட்டுத்தான் போவார். மதுக்கடை முற்றத்தில் ஸ்டிபான் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டாடுவார். திரும்பிப் பார்க்க மாட்டார். சத்தத்தை வைத்தே சொல்வார்: "ஆறு சிலிண்டர். பெல்ட் தேஞ்சிருக்கு. ரெண்டாவது கியர்ல இன்னும் அவசரப்படறான், கழுத." முற்றமே சிரிக்கும். சாயங்காலத்துக்குள் யாராவது அதைத் தம்பியிடம் ஒப்பித்துவிடுவார்கள். தம்பி மறுநாளே பெல்ட்டை மாற்றுவார்.

வருடத்துக்கு ஒருமுறை, அரை நிமிடம். அவர்களுக்குள் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

4

செவ்வாய்க்கிழமை இரண்டு வரைவும் தயார். போனில் படித்தேன்.

*பெட்ரோல்:* வளைவில் எட்டு சிலிண்டர் இடி இடிக்கிறது. மாதா கோயில் புறாக்கள் எழும்புகின்றன. ஸ்டிபான் சீட்டை இறக்கிக்கொண்டே, "எட்டு. கழுதைக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்கிறார்.

"அருமை!" என்றார் நெடில்கோ. "இன்னொரு தடவ படி." படித்தேன்.

*ஹைப்ரிட்:* வண்டி பேட்டரியில் வருகிறது. சத்தமே இல்லை. ஸ்டிபான் சீட்டைக் கலைக்கிறார். வண்டி வளைவைத் தாண்டிப் போய்விடுகிறது.

"அப்பறம்?"

"அவ்ளோதான் மச்சான்."

"அவன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. நீங்க வந்ததே அவருக்குத் தெரியாது."

மறுமுனையில் அவர் சிகரெட் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

"அதுல பெட்ரோல் இன்ஜினும் இருக்குமே. அதப் போட்டுட்டு வாங்களேன்" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"அது மூணு சிலிண்டர்டா. தையல் மிஷின் மாதிரி இருக்கும். அத அவன் காதுல போட்டா நான் ஊர்ல தல காட்ட முடியுமா?"

"அப்ப பெட்ரோல் செடான வாங்குங்க. கத முடிஞ்சுது."

"இரு, இரு." குரல் இறங்கிவிட்டது. "பதினோரு வருசமா கத்திக்கிட்டே போறேன் மாப்ள. எனக்கும் வயசு அம்பத்தெட்டாச்சு. ஒரு தடவ சத்தம் போடாமப் போனா அவன் திரும்பிப் பாப்பானான்னு இருக்கு. பாக்கலன்னா..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. "நீயே முடிவு பண்ணி எழுது. நாளைக்கு அஞ்சு மணிக்கு முன்னாடி சொல்லு."

5

[இந்தப் பகுதியை நெடில்கோவுக்கு மொழிபெயர்க்கவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.]

ஸ்டிபானுக்குக் காது கேட்காது.

போன குளிர்காலத்தோடு இரண்டு காதும் போய்விட்டன. ஊரில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யார் பேசினாலும் அவர் எந்தக் காலத்திலும் காதில் வாங்கியதில்லை. அவர் பாட்டுக்குப் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மார்ச் மாதம் அவர் வீட்டுப் புகைக்கூண்டில் தீப்பிடித்தபோது, பின்னால் நின்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் நிதானமாக அத்திமரத்துக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தார். அன்று தெரிந்துகொண்டேன்.

"வெளிய சொன்னே, தொலச்சுப்புடுவேன்" என்றார். அதற்கப்புறம் நான் அவரிடம் பேசுவதெல்லாம் தாளில்தான்.

நெடில்கோவின் திங்கட்கிழமை போன் முடிந்த அரை மணியில் ஸ்டிபான் வேலியைத் தாண்டி வந்தார். ஒரு கிளாஸ் ரக்கியா சாராயம் குடித்தார். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது, ஏதோ உப்பு கடன் கேட்பதுபோல்:

"அந்தக் கழுத இந்த வருசம் என்ன வண்டி வாங்கறான்னு உனக்குத் தெரியுமில்ல? எனக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துரு. அன்னிக்கு நீயும் கடைக்கு வா. எனக்கு எதிர்ல உக்காரு. அவன் வளைவுல திரும்பறப்போ கிளாஸ மேசையில வை. மத்தத நான் பாத்துக்கறேன்."

ஆகவே தம்பி எந்த வண்டியில் வர வேண்டும் என்பதை நான் எழுத வேண்டும். அதைக் கேட்டதாக அண்ணன் நடிப்பதற்கும் நானே எழுதிக்கொடுக்க வேண்டும். எழுத்தாளனுக்கு இதைவிட என்ன அதிகாரம் வேண்டும் என்று முதலில் குதூகலமாக இருந்தது. ஸோர்காவிடம் சொன்னேன்.

"நீ எழுத்தாளனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ரெண்டு கிறுக்கனுக்கு நடுவுல கெடக்கற தபால்பெட்டி" என்றாள்.

6

தபால்பெட்டியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் இதை யோசித்துப் பாருங்கள்.

பெட்ரோல் வந்தால்: நான் கிளாஸை வைப்பேன். ஸ்டிபான் "எட்டு சிலிண்டர்" என்பார். கூட்டம் சிரிக்கும். கேட்காத காதின் மானம் காப்பாற்றப்படும். இன்னொரு வருடம் ஓடும். அடுத்த வருடமும் நான் கிளாஸ் வைக்க வேண்டும். இருவரில் ஒருவர் மண்ணுக்குள் போகும்வரை வைக்க வேண்டும்.

ஹைப்ரிட் வந்தால்: நான் கிளாஸை வைக்கும் நேரத்தில் முற்றத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. அந்த அரை நிமிடம் ஊரே அவரைப்போல் செவிடு. சொல்ல சிலிண்டர் கிடையாது. ஒன்று, அவர் சீட்டையே பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம். தம்பி அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று போய்விடுவார். இல்லையென்றால் கழுத்தைத் திருப்பி, தம்பி முகத்தைப் பார்க்க வேண்டும். பதினோரு வருடமாகத் திரும்பாத கழுத்து.

[கதைக்காரனாக எனக்கு ஹைப்ரிட்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனாக எனக்கு பயமாக இருக்கிறது. ஸ்டிபான் திரும்பவில்லை என்றால் அதை நான் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு அவர்கள் இருவரையும் பிடிக்கும், அதுதான் தொல்லை.]

மூன்றாவது முடிவு ஒன்றும் எழுதினேன். *நெடில்கோ பஸ்ஸில் வந்து இறங்கி*

[பஸ்ஸா? இமோட்ஸ்கிக்காரனா? யார் நம்புவார்கள்? அடித்தாயிற்று.]

7

புதன்கிழமை. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நெடில்கோவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னேன். "நெசமாவா?" என்றார். "நெசமாத்தான்" என்றேன். "சரி, வாங்கிட்டு ராத்திரியே கெளம்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினேன்:

நெடில்கோ வருவது [                    ] வண்டியில்.

அச்சுப்பிழை இல்லை. அந்த இடத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன். பேனாவால் நிரப்புங்கள். பென்சிலால் எழுதிவிட்டு நாளைக்கு மாற்றலாம் என்று பார்க்காதீர்கள், எனக்கு அந்த வசதி இருக்கவில்லை.

நீங்கள் நிரப்பிய தாளைக் கொண்டுபோய் ஸ்டிபானிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. வண்டியைப் பற்றி ஏதாவது நக்கல் வரும் என்று காத்திருந்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒத்தையாளாவா ஓட்டிட்டு வர்றான்?"

தலையாட்டினேன்.

"ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல இருக்குடா. ஸ்டியரிங்ல தூங்கற பய அவன், சின்ன வயசுல டிராக்டர்லயே தூங்குவான். வழியில எங்கயாவது நிறுத்திப் படுத்துட்டு வரச் சொல்லு." பத்தடி நடந்து போய்த் திரும்பி வந்தார். "நான் சொன்னேன்னு சொல்லித் தொலச்சுராத."

போன் என் கையிலேயே இருக்கிறது. நெடில்கோ இன்னும் கிளம்பியிருக்க மாட்டார். யார் சொன்னது என்று நிச்சயம் கேட்பார். வண்டியை முடிவு செய்தது நீங்கள். இதற்கும் நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.