வக்கீலம்மா சொன்ன ‘நாம’

எங்கள் கட்சி வேட்பாளருக்கு எங்கள் பாஷையே சரியாக வராது. இதை எதிர்க்கட்சிக்காரன் சொன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அனுப்புவேன். ஆனால் உண்மை உண்மைதானே. வேட்பாளர் வேறு யாருமில்லை, என் நாத்தனார்.

என் மாமனாருக்குத் தலைநகரில் ரயில்வே வேலை. என் வீட்டுக்காரரை மட்டும் இங்கே சித்தப்பா வீட்டில் விட்டு வளர்த்தார்கள், அதனால் அவர் தப்பித்தார். நாத்தனார் பிறந்ததும் படித்ததும் வக்கீலானதும் அங்கேதான். எங்கள் பாஷையில் ஒரு வார்த்தை பேசினால் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்த காலம் அது. பிறகு எங்கள் ஊர்க் கோர்ட்டில் ஒரு வழக்குக்காக வந்தாள். கூண்டில் நின்ற பெண்ணுக்குத் தீர்ப்பை அவளுக்குப் புரியாத பாஷையில் வாசித்தார்களாம். முடிந்ததும் அந்தப் பெண், வீட்டுக்குப் போகலாமா என்று இவளைக் கேட்டாளாம். அதற்கப்புறம் என் நாத்தனார் திரும்பிப் போகவே இல்லை. புருஷனையும் இங்கேயே வரவழைத்துக்கொண்டாள். சட்டசபைக்குப் போய், கோர்ட்டில் தலைநகர் பாஷைதான் என்கிற அந்தக் கோர்ட்டுச் சட்டத்தை மாற்றியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

எங்கள் பாஷையையும் ராப்பகலாகப் படித்தாள். எல்லாம் வந்தது, ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை. தலைநகர் பாஷையில் ‘நாம’வுக்கும் ‘நாங்க’வுக்கும் ஒரே சொல்தான். எதிரில் இருப்பவனைச் சேர்த்துச் சொல்கிறோமா, விட்டுச் சொல்கிறோமா என்ற கவலையே அந்த ஜனங்களுக்குக் கிடையாது. அதனால்தான் எங்களைக் கேட்காமலே எங்களுக்கும் சேர்த்துச் சட்டம் போடுகிறார்கள் என்பது என் கட்சி.

கட்சி ஆபீஸ் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. ஒருநாள் அந்தக் கடைக்காரரிடம் போய், “நாம கல்யாணம் பண்ணி பத்து வருஷமாச்சுங்க” என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளேயிருந்து அவர் சம்சாரம் வந்து நின்ற தோரணையைப் பார்த்து, நான்தான் ஓடிப்போய் விளக்கம் சொன்னேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை உட்கார வைத்து, “வாங்க, நாங்க சாப்பிடலாம்” என்பாள். அவர்கள் எழுந்து வருவதா, அவள் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்ப்பதா என்று முழிப்பார்கள்.

கட்சிச் செயலாளருக்கு இதெல்லாம் சிரிப்பில்லை. தெருப் பலகைகளை எங்கள் எழுத்தில் எழுதியதற்காக ஜெயிலுக்குப் போனவர் அவர். வெளியே வந்த அன்றைக்கே பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு போய், விட்டுப்போன தெருக்களையும் எழுதினார். அவரைப் போன்றவர்கள் ரத்தமும் வேர்வையுமாகக் கட்டிய கட்சி இது. நான் கொடி தைத்துக் கொடுக்கிறவள், செயற்குழுவிலும் இருக்கிறேன், எனக்கு அந்தப் பெருமை உண்டு. உலகத்தில் மண், பாஷை என்று பேசுகிற எத்தனையோ கட்சிகள் அடுத்தவனை வெறுத்தே வயிறு வளர்க்கின்றன. எங்களுக்கும் அந்த ஆசை எட்டிப் பார்க்காமல் இல்லை.

மீன் டப்பா ஆலையில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் தலைநகர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அங்கே நாங்கள் ஓட்டுக் கேட்டுப் போனதே கிடையாது. நாத்தனார்தான் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சரியென்று செயலாளர் பேச்சை எழுதிக் கொடுத்தார். உங்களை யாரும் விரட்டப்போவதில்லை, ஆனால் இந்த மண்ணை ஆளப்போவது நாங்கள் என்று முடியும். ‘நாங்க’வுக்குக் கீழே நானே சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்தேன்.

ஆலை கேன்டீனில் மீன் வாடைக்கு நடுவே நின்றுகொண்டு நன்றாகத்தான் பேசினாள். கடைசியில், “இந்த மண்ண ஆளப்போறது நாம” என்று முடித்தாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் ரப்பர் ஏப்ரனோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். வந்து குடியேறியவள்தான், ஆனால் எங்கள் பாஷை என் நாத்தனாரைவிட அவளுக்குச் சுத்தமாக வந்தது.

“நாமன்னா எங்களையும் சேத்துத்தான சொல்றீங்க?” என்றாள்.

நாத்தனாருக்கு உறைத்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ‘நாங்க, நாங்க’ என்று சத்தமில்லாமல் வாயசைத்தேன். அதை நிதானமாகப் பார்த்துவிட்டு அந்தப் பெண் பக்கம் திரும்பினாள்.

“ஆமா” என்றாள்.

கேன்டீனே தட்டைத் தட்டியது. நாங்கள் ஆபீஸ் வந்து சேருவதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவி, போனுக்கு ஓய்வில்லை. வந்தவனுக்கெல்லாம் மண்ணை எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று எங்கள் ஆட்களே கொதித்தார்கள்.

மறுநாள் செயற்குழு கூடியது. மனுத் தாக்கலுக்கு அதுதான் கடைசி நாள். செயலாளர் சுலபமான வழி வைத்திருந்தார். நாக்குத் தவறிவிட்டது என்று ஒரு வரி அறிக்கை, அவ்வளவுதான். அவள் நாக்கு ஊரறிந்தது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது முடியாது என்றால் ஆளை மாற்றவேண்டியதுதான். ஒரு வரிதானே, சொல்லித் தொலையேன் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. சட்டசபை, கோர்ட்டுச் சட்டம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

“வந்ததுலேருந்து அந்த வார்த்தைய தப்பாத்தான் சொல்லிட்டு இருக்கேன்” என்றாள் அவள். “நீங்க சிரிச்சீங்க, நானும் கூடச் சிரிச்சேன். ஆனா நேத்து அண்ணி வாயப் பாத்துட்டுத்தான் ஆமான்னு சொன்னேன். அது தப்பு இல்ல.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதற்கடியில் வந்தது பெருமைதான், அதை மறைக்க மாட்டேன்.

செயலாளர் வருத்தத்தோடுதான் சொன்னார், “சரி வக்கீலம்மா, அப்ப நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்.”

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைத்தவள் நின்றுவிட்டாள்.

“இந்த ‘நாங்க’ல நான் இல்ல, அப்படித்தானண்ணே?”

சண்டைக்காகக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. செயலாளரைப் பார்த்தேன். போலீஸ் அடித்தபோதும் தலை குனியாத மனுஷன், தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையால்தான் ஊரில் அத்தனை தெருவுக்கும் பெயர் எழுதியிருந்தார்.

கடைசியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேஜை மேலிருந்த மனுக் கட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“தேர்தல் ஆபீஸ மூடிடுவான், கிளம்புங்க. நாம போய் மனு குடுத்துட்டு வந்துடலாம்.”

அவர் எதையும் அழுத்திச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். என் நாத்தனார் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.