நோலா போட்ட டிக்

மாவட்ட உதவி அலுவலகத்தில் பிரெக்கி என்ற அதிகாரி, நோலா நீட்டிய காப்பீட்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அக்கா ஆர்டிஸ் முதியோர் இல்லத்தில் படுக்கையாகி மூன்று வருடம். கூடப்பிறந்தவளையே யாரென்று தெரியாது. அவளுடைய பராமரிப்புக் காப்பீட்டுப் பணம் போன மாதம் தீர்ந்துபோனது. இனி அரசு மருத்துவ உதவிதான்; அந்தச் செலவை அரசு பின்னால் சொத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். நோலா அதற்குப் பயப்படவில்லை. பாலிசி எடுத்த அன்றே ஏஜென்ட் அடித்துச் சொல்லியிருந்தான்: காப்பீடு எவ்வளவு செலவழிக்கிறதோ, அவ்வளவு மதிப்புள்ள சொத்தை அரசு தொடாது, ஆர்டிஸ் செத்த பிறகும் தொடாது. வீடு ஆர்டிஸ் பெயரில். நோலா அறுபத்தெட்டு வருடமாக அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறாள். இந்த மினசோட்டா குளிரில் அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

"வருஷா வருஷம் காப்பீட்டுத் தொகை ஏறுற வசதி இந்தப் பாலிசில இருந்திருக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி வேண்டாம்னு எடுத்துட்டீங்க," என்றார் பிரெக்கி.

எடுத்தது நோலாவேதான். பிரீமியம் ஏறுகிறது, குறைக்க வேண்டுமானால் இந்தக் கட்டத்தில் டிக் போடுங்கள் என்று கடிதம் வந்தது. ஆர்டிஸுக்கு அப்போதே மறதி. அவளுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை நோலாவிடம் இருந்தது. ஒரே காப்பித்தூளை இரண்டு தரம் வடிக்கிற வீடு அது. சந்தோஷமாக டிக் போட்டாள், பாவி. பின்பக்கத்துப் பொடி எழுத்தை யார் படித்தார்கள்?

"அதை எடுத்ததுமே சொத்துக்கு இருந்த பாதுகாப்பும் போயிருச்சும்மா."

"அப்ப வீடு?"

"அவங்க உயிரோட இருக்கிறவரைக்கும் பிரச்சினை இல்ல. அதுக்கப்புறம் அரசு செலவழிச்சதை வீட்டை வச்சு வசூல் பண்ணும். உங்களுக்கு அதுல பங்கு இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

அங்கிருந்து நேராக முதியோர் இல்லத்துக்குப் போனாள். அவள் கைப்பையில் இன்னொரு காகிதம் இருந்தது. மறுபடி நெஞ்சில் சளி கட்டினால் ஆஸ்பத்திரி வேண்டாம், குழாய் வேண்டாம், நிம்மதியாகப் போகட்டும் என்கிற காகிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஒரு வருடமாக ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் அவள் மன்றாடியதும் அதற்குத்தான்.

நர்ஸ் டெல்லா வாசலிலேயே நிறுத்தினாள். "காலையிலேர்ந்து காய்ச்சல். சளி கட்டுது. அந்தப் பேப்பர் கொண்டு வந்தீங்களா, நோலா?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. குழாய், மெஷின், எது இருந்தாலும் பண்ணுங்க."

"போன வாரம்தானே, அவ பட்டது போதும்னு அழுதீங்க?"

நோலா அவளைத் தாண்டி நடந்தாள். உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள். ஆர்டிஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு வாய், அக்கா," என்று சொல்லி, நோலா அவளுடைய தாடையைப் பிடித்துத் திறந்தாள்.