கீழ்த்தளத்திலிருந்து மனைவியை மீட்ட வரலாறு

அனைவரின் மேலான கவனத்திற்கும். வானம், பூமி, எட்டுத் திசைகள், பதினெட்டு நடைமேடைகள் ஆகிய எல்லாரும் அறிய வேண்டியது யாதெனில்: காதலுக்காகப் பாதாளம் வரை இறங்கிப் போய், உயிரோடு மேலே வந்த ஆண்மகன் ஒருவன் இந்த உலகத்தில் இருக்கிறான். அவன் நான்தான். கீழே போக மொத்தம் எண்பத்து நான்கு படிகள். லிஃப்டும் உண்டு. நான் லிஃப்டில் போனேன்.

நான் பேருந்து முனையத்தின் அறிவிப்பாளன். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்பதை ஒலிபெருக்கியில் சொல்வது என் வேலை. இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் என் குரலைக் கேட்டதில்லை. ஒருமுறை நாற்பத்தேழாம் தடத்தின் ஊர்களை நான் வரிசையாகச் சொன்னபோது முப்பது பேர் அப்படியே நின்று கேட்டுவிட்டு நாற்பத்தேழாம் தடத்தையே தவறவிட்டார்கள். நிர்வாகம் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டது. சிலருக்குப் பாராட்டத் தெரியாது. விளக்கம்தான் கேட்கத் தெரியும்.

என் அறைக்கு நேர் கீழே விசாரணை கவுன்டர். அங்கேதான் அவள் இருந்தாள். என் அறிவிப்பு முடிந்ததும் பயணிகள் கூட்டமாக ஓடிப்போய் அவளிடம், "அவர் இப்ப என்னம்மா சொன்னாரு?" என்று கேட்பார்கள். அவள், "அவர் என்ன சொல்றார்னா..." என்று தொடங்கி நடைமேடை எண்ணைச் சொல்லி அனுப்புவாள். நான் முழங்குவேன், அவள் விளங்கவைப்பாள். இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்திலும் கிடையாது. கல்யாணம் செய்துகொண்டோம். பதினோரு வருடம் ஆகிறது.

பிறகு அந்த விபத்து. மதியச் சாப்பாட்டு டப்பாவோடு அவள் என் அறைக்கு ஏறி வந்தாள். மைக் ஒயர் தரையில் பாம்புபோலச் சுருண்டு கிடந்தது. கால் மாட்டி விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்தது. அப்போது நான் பத்தொன்பதாம் தடத்தின் அறிவிப்பில் பாதியில் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது, உண்மை. ஆனால் அறிவிப்பைப் பாதியில் விட முடியுமா? இரண்டு முறை முழுதாகச் சொல்லி முடித்து, மைக்கை அணைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அதற்குள் துப்புரவுப் பெண்கள் அவளைத் தூக்கிப் போயிருந்தார்கள். தொழில் பக்தி என்றால் என்ன என்று அன்று அந்த முனையமே தெரிந்துகொண்டது.

கவுன்டரில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அவளால் முடியாது. உட்கார்ந்து செய்யும் வேலையாகப் பார்த்து, கீழ்த்தளத்தில் தொலைந்த பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். எங்கள் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. அதனால் எதிர்த் தெருவில் தரைத்தளத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டில் தங்கினாள். எல்லாம் சரி. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. இப்போது ஐந்தாவது மாதம். அவள் மேலேயும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. போன் செய்தால், "இங்க வேலை கொஞ்சம் இருக்குங்க, அப்பறம் பேசறேன்" என்பாள்.

நான் தீர விசாரித்தேன். அதாவது, உட்கார்ந்து யோசித்தேன். குற்றவாளி யார் என்று புரிந்துபோயிற்று: கிடங்கு அதிகாரி. முனையத்தில் அவருக்குப் பாதாளம் என்று பெயர். தரைக்கு மேலே அந்த மனிதரைப் பார்த்தவர் அபூர்வம். கீழே அவர் கைக்குப் போன குடை, பெட்டி, ஒற்றைச் செருப்பு, பல்செட் எதுவும் சுலபத்தில் வெளியே வந்ததில்லை. ஒரு வயலின் ஏழு வருடமாக அங்கே இருக்கிறது. அப்படிப்பட்டவர் கையில் என் மனைவி சிக்கியிருந்தாள். அவளை மீட்டு அன்றே வீட்டுக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன்.

அந்த மனிதரிடம் அவர் பாஷையில்தான் பேச வேண்டும். உரிமை கோரும் படிவம் ஒன்றை வாங்கி நிரப்பினேன். பொருள்: மனைவி. எண்ணிக்கை: ஒன்று. தொலைந்த இடம்: அறிவிப்பு அறை. லிஃப்ட்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு புறப்பட்டேன்.

"கீழயா சார்? நீங்களா?" என்றார் லிஃப்ட்காரர்.

"என் மனைவியை அழைச்சிட்டு வரப் போறேன்."

"அக்காவையா? அக்கா எங்கயும் போகலையே சார். காலையிலகூட சிரிச்சிட்டுத்தான் போனாங்க."

துயரத்தை மறைக்கத் தெரிந்தவள். பாதாளத்தின் முன்னால் சொல்ல நான் தயாரித்திருந்த உரையின் முதல் நான்கு வரிகளை லிஃப்ட்காரரிடம் சொல்லிக் காட்டினேன். அவர் கண்ணிலிருந்து கண்ணீர் கொட்டியது.

"அழாதீங்க," என்றேன்.

"கண்வலி சார். சொட்டு மருந்து விட்டிருக்கேன். கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்."

அடக்கமானவர்கள் இப்படித்தான் அழுகைக்குக் காரணம் தேடுவார்கள். கீழே இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு காவலாளி உண்டு. யாரையும் உள்ளே விடாமல் கத்துவதில் பேர்போனவர். என் காலடிச் சத்தம் கேட்டதும் நாற்காலியிலேயே மயங்கித் தலைசாய்ந்தார். நான் வருவதற்கு முன்பே தூங்கிக்கொண்டிருந்தார் என்று லிஃப்ட்காரர் பிறகு சொல்லியிருக்கிறார். லிஃப்ட்காரருக்குத்தான் கண் சரியில்லையே.

உள்ளே நனைந்த குடைகளின் வாடை. கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு பொருளிலும் நூலில் கட்டிய மஞ்சள் அட்டை. முன்னால் ஒரு மரத்தடுப்பு. தரையில் வெள்ளைக் கோடு. கோட்டில் கால் வைத்ததும் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சன்னமான குரல், தொழிலுக்கு உதவாது.

"அங்கயே நில்லுங்க. முகத்தை வாசல் பக்கம் திருப்புங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"படிவம் வந்திருக்கு. திரும்புங்க."

திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒன்று அவர். இன்னொன்று அவள்! தங்கை வீட்டு சோப்பு வாசனை வந்தது.

"முறையைச் சொல்லிடறேன்," என்றார் பாதாளம். "முன்னாடி எல்லாரும் உள்ள எட்டிப் பார்ப்பாங்க. இருக்கறதுலயே நல்ல குடையாப் பார்த்து 'இதுதான் என்னுது'ம்பாங்க. அதனால நான் வந்ததும் இதைக் கொண்டுவந்தேன். முதுகைக் காட்டிட்டு நிக்கணும். நான் கேக்கற அடையாளத்தைச் சொல்லணும். அஞ்சுல மூணு சரியா இருந்தா பொருளைக் கையோட கூட்டிட்டுப் போகலாம். நடுவுல திரும்பிப் பார்த்தா மனு முடிஞ்சது. மறுபடி போட முடியாது."

"அது பொருள் இல்லைங்க, என் மனைவி."

"பொருள்னு எழுதினது நீங்க."

"கேளுங்க சார்," என்றது அவள் குரல். "எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

பாவம், என்ன ஆவல்! நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"முதல்ல, தோற்றம்."

"முழு நிலவு போன்ற முகம். மீன் போன்ற கண்கள். மின்னல் போன்ற..."

"நிலா, மீன், மின்னல். இதெல்லாம் இங்க வந்து சேரலை. கண்ணாடி போட்டிருக்காங்களா, இல்லையா?"

"இல்லை."

பேனா கீறியது. "தப்பு."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமாச்சுங்க," என்றாள் அவள்.

"ரெண்டாவது. எந்தக் காலுல அடி?"

"வலது."

"இடது. தப்பு."

இங்கே ஒரு சாதாரண ஆண் இடிந்துபோயிருப்பான். நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

"மூணாவது. எந்தக் கையால எழுதுவாங்க?"

"இடது கை!" தினமும் நேர அட்டவணையைத் துண்டுச் சீட்டில் சாய்வாக எழுதி எனக்கு மேலே அனுப்பியது அவள்தான், அதைப் பார்த்துத்தான் நான் முழங்குவேன்.

"சரி."

"நாலாவது. பேசத் தொடங்கினா வழக்கமா என்ன சொல்லுவாங்க?"

"'அவர் என்ன சொல்றார்னா.'"

பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. "அது சரி சார். இப்பகூட சில சமயம் வாயில வந்துடுது."

இரண்டு சரி, இரண்டு தப்பு. ஐந்தாவதுதான் தீர்ப்பு. இரும்பு அலமாரிகளும் ஏழு வருட வயலினும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"கடைசி. இவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எதிரி தானாகவே வாளை நீட்டி, பிடி என் பக்கம் இருக்கும்படியும் பார்த்துக்கொண்டான். "என் குரல்," என்றேன். அதோடு விடவில்லை. தயாரித்து வைத்திருந்த உரை முழுவதையும் எடுத்துவிட்டேன். அந்தக் குரல் காலையில் அவளை எழுப்பியது, மாலையில் வீடு சேர்த்தது, சாப்பிடும்போதும் ஓயாமல் உடனிருந்தது, அவள் தூங்கிய பிறகும் தொடர்ந்தது என்று ஏற்றி, இறக்கி, கடைசிச் சொல்லைக் கிடங்கின் கோடிவரை அனுப்பி முடித்தேன். என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

அறிவிப்பாளனுக்கு மௌனம் என்பது இயந்திரக் கோளாறு. நான்கு நொடிக்கு மேல் நீடித்தால் ஒயரைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று. இரண்டு. விசும்பல் இல்லை. மூன்று. கைதட்டல் இல்லை. நான்கு. அவள் எப்படி அழுகிறாள் என்று பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.

திரும்பினேன்.

அவள் மூக்கில் கண்ணாடி. மடியில் ஒரு கறுப்புக் குடை. அதன் பிடியில் மஞ்சள் அட்டையைக் கட்டி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"திரும்பிட்டீங்களே," என்றாள்.

"மனு முடிஞ்சது," என்றார் பாதாளம். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமான மனிதர். மேசையில் முத்திரை குத்தினார்.

"அஞ்சாவது? சரியா, தப்பா?"

"திரும்பினதுக்கு அப்பறம் விடை சொல்ற பழக்கமில்லை."

நான் அவளைப் பார்த்தேன். அவள் நூலை முடிச்சுப் போட்டு, அட்டையைத் தட்டிச் சரிசெய்தாள். "சரிங்க, பார்த்துப் போங்க," என்றாள். "லிஃப்ட் கதவு மெதுவாத்தான் மூடும். அவசரப்பட்டுக் கையை விட்டுடாதீங்க."

அந்த நிலையிலும் என் கையைப் பற்றிக் கவலை! அடுத்த குடையை எடுத்துக்கொண்டாள். தன்னைத் திடப்படுத்திக்கொள்ள அவளுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

"என்ன சார், தனியா வர்றீங்க?" என்றார் லிஃப்ட்காரர்.

"கையெட்டும் தூரத்தில் இருந்தாள்," என்றேன். "ஒரு நொடி. ஒரே ஒரு நொடி என்னால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு காதல்."

அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போயிற்று. மேலே போய் டிக்கெட் கொடுப்பவர்களிடம் சொன்னேன். ஓட்டுநர்களின் ஓய்வறையில் சொன்னேன். மறுநாள் மாலை நாலு மணிக்கு, பன்னிரண்டாம் தடத்துக்கும் பதின்மூன்றாம் தடத்துக்கும் நடுவே மைக்கிலும் சொன்னேன். ஆறாம் நடைமேடையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கைக்குட்டை விற்பவர் வியாபாரம் கூடிவிட்டதாகச் சொன்னார். நிர்வாகம் விளக்கம் கேட்டது. பெற்றுத் திரும்புகிறவனை இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். காதல் மிகுதியால் இழந்தவனுக்கு நிற்கிறது பேர். அவள் மேலே வந்திருந்தால்கூட இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது என்பதை மனசாட்சியோடு ஒப்புக்கொள்கிறேன்.

பத்து நாள் கழித்து என் படிவத்தின் நகல் அலுவலகத் தபாலில் வந்தது. பாதாளத்தின் கையெழுத்தில், 'மனுதாரர் திரும்பிப் பார்த்தார். மனு முடிக்கப்பட்டது' என்று இருந்தது. அதற்கு மேலே, 'பொருளைப் பற்றிய குறிப்பு' என்ற கட்டத்தில், இடது கைச் சாய்வெழுத்தில் அவளே எழுதியிருந்தாள்: 'தொலையவில்லை. மேலே வர விருப்பமில்லை. வீட்டுக்கும்.' கீழே கையொப்பம், தேதி.

நான் திரும்பிவிட்ட துக்கத்தில் நெஞ்சு வெடித்து அவள் எழுதிய வரிகள் என்பது படிக்கிற யாருக்கும் புரியும். கண்ணாடிச் சட்டம் போட்டு, அறிவிப்பு அறையில் மைக்குக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

அவள் போட்டிருக்கும் தேதி, நான் கீழே போன வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமை.