வருதுவின் மூன்றாவது பரிசோதனை

நான் எழுதிய செயலிக்கு அன்று மூன்றாவது பரிசோதனை. காலையிலேயே குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். தலை துவட்டாமல் வந்து நின்றார்.

அவர் பெயர் வருது. மதுரையில் எந்த டவுன் பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று கைப்பேசிக்குள்ளிருந்து சொல்வது அவர் வேலை. அவரை எழுதி இரண்டு வருடம்தான் ஆகிறது. பார்வைக்கு ஐம்பது வயது இருக்கும். அதனால் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். எடை தொண்ணூற்று நான்கு கிலோ.

இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் முறை, பஸ் நேரம் சொல்வதற்கு முன்பே பரிசோதகரின் சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய போன் நம்பரையும் கேட்டார். இரண்டாம் முறை, வாசலை மறித்து நின்றபடி யோசித்தார். அவர் யோசித்து முடிக்கும்வரை உள்ளே இருந்த யாராலும் வெளியே வர முடியவில்லை. ஒரு குமாஸ்தாவுக்கு அதற்குள் பணி ஓய்வே வந்துவிட்டது.

இந்த முறையும் தேறாவிட்டால் அழித்துவிடுவார்கள். வருதுவிடம் அதை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

பஸ்ஸில் போனோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, நொடிக்கொரு தடவை நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். கேட்கக் கேட்க பஸ்ஸில் இருந்தவர்களின் தெம்பு குறைந்தது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டைப் பாதி கிழித்து, அப்படியே தூங்கிப்போனார். பதினைந்து சதவீதம் சார்ஜ்தான் மிச்சம் என்று டிரைவர் திரும்பாமலே சொன்னார்.

"நிறுத்தத்துக்கு ஒரு தடவை கேட்டாப் போதும்ங்க" என்றேன்.

"நடுவுல தொலைஞ்சு போயிட்டா?"

"நடுவுல ரோடுதான் இருக்கு."

அவர் அதை யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். கண்டக்டர் மீதிப் பாதியைக் கிழித்தார்.

பரிசோதனை அலுவலகம் இரண்டாவது மாடியில். தாழ்வாரத்தில் முப்பது அடி நடந்தால் அறை என்றார் காவலாளி. நாங்கள் நூறு அடி நடந்தோம். கதவு முன்னைவிடத் தள்ளிப் போயிருந்தது. அந்தத் தாழ்வாரம் வருகிறவரின் சுமைக்குத் தக்கபடி நீளும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது.

வருதுவின் பைகளைக் காலி செய்யச் சொன்னேன். முந்தாநாள் மழையை எடுத்து வைத்தார். இப்போது இல்லாத ஒரு நிறுத்தத்தின் பெயர்ப்பலகை. பதினோரு குடைகள். வேலைநிறுத்தத்தன்று காத்திருந்த ஒரு கூட்டம். அவர்கள் வரிசையாக இறங்கி, கலைந்து போனார்கள். கடைசியில் வலது கையை மட்டும் மூடியே வைத்திருந்தார்.

"அது என்ன?"

"ஒரு நர்ஸம்மா. போன ஆடியில, மூணே முக்கால் பஸ் வருமான்னு கேட்டாங்க. இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

விட்டுவிட்டால் அந்த அம்மா நின்றுகொண்டே இருப்பார் என்று பயப்படுகிறார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. எதை எப்போது விட வேண்டும் என்று நான்தான் அவருக்குள் ஒரு வரியும் எழுதவில்லை.

"அவங்க அன்னிக்கே ஏறிப் போயிட்டாங்க."

"உக்கார இடம் கிடைச்சுச்சா?"

"கிடைச்சுச்சு" என்றேன். எனக்கு அது தெரியாது.

அவர் கையைத் திறந்தார். கதவு வந்து எங்கள் மூக்கில் இடித்தது. வருது முப்பத்தெட்டு கிலோ ஆகியிருந்தார். பேண்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

பரிசோதகர் பிலோமினா மேடத்துக்கு இரண்டு மேசைகள். ஒவ்வொரு வகைக் கைப்பேசிக்கும் ஒன்று. ஒரு மேசையிலிருந்து எழுந்து மற்றதில் உட்கார்ந்தால் நம்மை முதல்முறை பார்ப்பதுபோல் பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே சட்டையில் வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. நான் அந்தந்த மேசைக்கென்று தனித்தனியாகத் தைத்திருந்தேன். வருது மறைவில் போய் மாற்றிக்கொண்டு வந்தார். மேடம் இரண்டு முறையும் காலரைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு, இருபத்தொன்றாம் நம்பர் பஸ் எப்போது வரும் என்று கேட்டார். வருது வாய் திறப்பதற்குள் கத்தரிக்கோலால் ஒரு வயரை வெட்டினார். சிக்னல் போனது. ஜன்னலுக்கு வெளியே மதுரையும் போனது. அங்கே வெள்ளையாக இருந்தது.

இதுதான் கடினமான கேள்வி. அறை மூலையில் ஒரு கூடை நிறைய, இதற்கு முன்னால் இதே கேள்வியில் மாட்டிய செயலிகள் இன்னும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

வருது பேண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இப்ப எனக்குத் தெரியலை, மேடம். கடைசியாத் தெரிஞ்சது பத்தே காலுக்கு. அப்ப தெப்பக்குளம் தாண்டியிருந்துச்சு. மறுபடி தெரிஞ்சதும் நானே சொல்றேன்."

மேடம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பதினோரு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவும், தெரியவில்லை என்று தன்னிடம் யாரும் சொன்னதில்லை என்றும் சொன்னார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருதுவின் நெற்றியில் முத்திரை குத்தினார். மதுரை திரும்பி வந்தது. கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி வந்திருந்தது.

முத்திரை நாற்பதாயிரம் கைப்பேசிகளுக்கு. வருது எனக்கு நன்றி சொல்லத் திரும்பும்போது நாற்பதாயிரம் பேராக இருந்தார். அவசர அவசரமாக மாடிப்படியில் இறங்கினார்கள். படி திரும்பும் இடத்தில் ஒவ்வொருவரும் நின்று, என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

முதல் ஆளுக்கு அசைத்தால் எல்லோருக்கும் அசைத்த மாதிரிதான் என்று மேடம் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை.

கடைசி ஆள் இறங்கும்போது சாயங்காலம் ஐந்தரை. அதற்குப் பிறகும் என் வலது கை ஆடிக்கொண்டே இருந்தது. இடது கையால் அதைப் பிடித்துக் கழற்றி, கைப்பையில் வைத்து மூடிக்கொண்டு நானும் இறங்கினேன்.