கவரில் எழுதிய பூரண சுகம்

சுவிசேஷமுத்துவின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திருநெல்வேலி டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, எட்டு மாதமாக உப்பையும் எண்ணெயையும் ஒதுக்கிவைத்த மனிதருக்கு இது சாதாரணச் செய்தியா? சங்கரன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் கூடுதலாக நிமிர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும், சர்ச்சில் கர்த்தருக்கு நன்றி சொல்லிப் பணம் போட்டுக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரை எடுத்தார். முப்பத்தைந்து வருடம் போஸ்ட் ஆபீசில் எழுதிய கை. 'பூரண சுகம் தந்ததற்காக' என்று முத்து முத்தாக எழுதி மேசைமேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதைச் சபைக்கு முன்னால் வாசிப்பார்கள். குடும்பமாக முன்னே போய் நின்றால் போதகர் ஜெபம் செய்வார்.

மனைவி சுந்தரபாய் கவரை எடுத்துப் படித்தாள். காலமெல்லாம் விடைத்தாள் திருத்தி ஓய்வு பெற்ற டீச்சர். தப்பு கண்ணில் பட்டால் சும்மா விடமாட்டாள்.

"நான் முன்னால வந்து நிக்க மாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"பூரண சுகம்னு எழுதியிருக்கிய. பொய்க்கு நான் தொணை நிக்கணுமா?"

அவர் ரிப்போர்ட்டை நீட்டினார். அவள் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"அது ரத்தத்தப் பத்தின பேப்பர். இசக்கித்துரை அண்ணன் வண்டி நம்ம தெருவுல வந்தா கதவச் சாத்துதியளே, அத எந்த லேப்ல பாக்கது? கர்த்தருக்குக் கவர் போடுதிய. ஆஸ்பத்திரில கொண்டுபோய்ச் சேத்தவருக்கு ஒரு வார்த்த சொன்னியளா?"

சுவிசேஷமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இசக்கித்துரை இருபது வருடச் சிநேகிதன், நாலு வயது இளையவன். பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். சாயங்காலம் ஆனால் இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர் உலகத்து நியாயம் எல்லாம் பேசித் தீர்ப்பார்கள். நெஞ்சு வலித்த அன்று சுந்தரபாய் மதுரையில் மகள் ஜாய்லின் வீட்டில் இருந்தாள். இவர் போன் போட்டது இசக்கித்துரைக்குத்தான். அவன் ஏற்றியிருந்த பூவை இறக்கக்கூட நிற்காமல், இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திருநெல்வேலிக்கு விரட்டினான்.

வழியில் நடந்ததை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஆபீசில் அதட்டியே பழகிய மனிதர் அந்த வண்டியில் ஏங்கி ஏங்கி அழுதார். சாகப் பயமாக இருக்கிறது என்று இசக்கித்துரையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். பிழைத்து வந்த பிறகு அதைப் பார்த்தவன் முகத்தில் எப்படி முழிப்பது? டீக்கடைப் புகை ஆகாது, பேசினால் பிரஷர் ஏறும் என்று சாக்குகள் தாராளமாகக் கிடைத்தன. நடைப்பயிற்சிக்குக்கூட அந்தக் கடை இல்லாத தெருவாகத் தேடிப் போனார். ஒருவனைப் பார்த்து ஒதுங்க ஆரம்பித்து, கடைசியில் எல்லோரிடமிருந்தும் ஒதுங்கியாயிற்று. தூக்கமும் சரியில்லை. அதை டாக்டர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம்வரை சுந்தரபாய் இறங்கி வரவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். கால் ஒரு எட்டு முன்னே வைத்தால் மனசு இரண்டு எட்டு பின்னே போயிற்று.

"வாரும் வே" என்று இசக்கித்துரை பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தான். "இங்கன சீனி இல்லாம ஒரு டீ" என்று கடைக்காரரிடம் சொன்னான்.

சுவிசேஷமுத்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "இசக்கி, அன்னைக்கு வண்டியில நான் அழுதத யார்ட்டயாவது சொன்னியாலே?"

இசக்கித்துரை அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"இதுக்கா வே ஒளிஞ்சு திரிஞ்சீரு? நீரு மட்டுமா அழுதீரு? எனக்கு ரோடே தெரியல. மானூர் தாண்டுத வரைக்கும் கண்ணத் தொடச்சுக்கிட்டேதான் ஓட்டுனேன். நீரு ஏறிட்டுப் பாத்தாத்தான தெரியும்."

டீ வந்தது. இருவரும் தொடவில்லை.

"என்ன விட்டுராதலேன்னு சட்டையப் புடிச்சீரு" என்றான் இசக்கித்துரை மெதுவாக. "நான் விடல. நீருதான் விட்டுட்டீரு வே."

சுவிசேஷமுத்து அழுதார். கடையில் நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் கண்ணெதிரேயே அழுதார். இந்தத் தடவை வெட்கம் வரவில்லை. நெஞ்சில் எட்டு மாதமாக இருந்த பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. "தப்புத்தாம்லே. நீ இல்லன்னா நான் ஏது?" என்றார். பிறகு, "நாளைக்குச் சர்ச்சுக்கு வா" என்றார்.

"எனக்கு அங்கன என்ன வேல?"

"சும்மா வா. பின்னால உக்காரு."

வீட்டுக்கு வந்தவரின் கண் சிவந்திருந்தது. "இசக்கியப் பாத்துட்டு வாரேன்" என்று சுந்தரபாயிடம் சொன்னார். அன்றைக்கு அவர் விடிந்தது தெரியாமல் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சபைச் செயலர் கவர்களை வாசித்தார். 'பூரண சுகம் தந்ததற்காக' என்றதும் சுவிசேஷமுத்து எழுந்தார். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தார். சுந்தரபாய் எழுந்து வந்துகொண்டிருந்தாள்.

பாதி தூரம் போனவர் சட்டென்று நின்று, வந்த வழியே கடைசி வரிசைக்கு நடந்தார். சபையே திரும்பிப் பார்த்தது. வேண்டாம் என்று தலையாட்டிய இசக்கித்துரையின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, விடாமல் முன்னே கூட்டிக்கொண்டு வந்தார்.

போதகர் புதிய முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "குடும்பமா நிக்கணும்..." என்று இழுத்தார்.

"குடும்பந்தான் ஐயா" என்றார் சுவிசேஷமுத்து.

சுந்தரபாய் ஒரு அடி நகர்ந்து, தனக்கும் கணவருக்கும் நடுவில் இசக்கித்துரைக்கு இடம் விட்டாள்.